தொடர விழைகிறீர்களா?

விஜயராணிக்குத் தமிழ் நன்றாக வரும் என்பது கம்பெனியில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. கமுதிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழில் நூற்றெண்பத்தாறு மார்க் வாங்கியவள். கல்யாணம் முடிந்து புருஷன் முனீஸோடு திருப்பூர் வந்து, முதல் இரண்டு வருஷம் செக்கிங் டேபிளில் நின்று பனியன்களில் ஓட்டையும் எண்ணெய்க் கறையும் தேடினாள். தட்டச்சு லோயர் பாஸ் பண்ணியிருக்கிறாள் என்று தெரிந்த பிறகுதான் முதலாளி சண்முகவேல் அவளை ஆபீசுக்குள் உட்கார வைத்தார். பேக்கிங் லிஸ்ட் அடிப்பதும் தமிழில் போக வேண்டிய கடிதங்களை எழுதுவதும் அவள் வேலை. தொழிலாளிகளுக்கு எந்த ஆபீசிலிருந்து என்ன காகிதம் வந்தாலும் அவளிடம்தான் கொண்டு வருவார்கள். அவள் படித்து அர்த்தம் சொல்வாள். சொல்லும்போது குரலில் ஒரு சின்ன மிதப்பு வரும். அது அவளுக்கே தெரியும்.

அடுத்த நாற்காலி அந்தோணிராஜுடையது. ஆபீசில் இருந்த ஐந்து கம்ப்யூட்டர்களையும் பார்த்துக்கொண்டவர் அவர்தான். ராமநாதபுரத்துக்காரர், நாற்பதை நெருங்கிய வயது. படித்தது எலெக்ட்ரீஷியன் வேலை; கம்ப்யூட்டரைக் கழற்றி மாட்டியே கற்றுக்கொண்டார். கை ஓடுகிற வேகத்துக்கு அவருக்கு எழுத்து ஓடாது. திரையில் நாலு வரி சேர்ந்தாற்போல் வந்துவிட்டால், "தங்கச்சி, இது என்ன கேக்குதுன்னு பாரு" என்று நாற்காலியை நகர்த்திக்கொள்வார்.

2005இல் பனியன் வாங்குகிற வெளிநாட்டு பையர் அனுப்பிய ஆய்வுக்காரர்கள் வந்து, கம்ப்யூட்டரில் ஓடுகிற எல்லாவற்றுக்கும் உரிமம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். கம்பெனியில் இருந்தது எல்லாம் யாரோ யாரிடமிருந்தோ வாங்கிப் போட்ட சிடி. சண்முகவேல் நாலு பேரிடம் விசாரித்தார். கம்ப்யூட்டரை இயக்க லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, இனாமாகவே கிடைக்கும், திரையில் எல்லாம் தமிழிலேயே வரும் என்று தெரியவந்தது. கோயமுத்தூரில் தன்னார்வக் குழு ஒன்று அதைத் தமிழாக்கி வெளியிட்டிருந்தது. ஒரு சிடியும் சுருள் கம்பி போட்ட ஒரு வழிகாட்டிப் புத்தகமும் தபாலில் வந்தன.

அந்தப் புத்தகம் ஒரு வாரம் ஆபீசையே சிரிக்க வைத்தது. 'கோப்பு முறைமையை ஏற்றுக' என்று ஒரு வரி. பேக்கிங் பிரிவு மயிலாள் எட்டிப் பார்த்து, "எதைய ஏத்தோணும் கண்ணு? லாரி இன்னுமே வருலயே" என்றாள். 'மூலப் பயனராக நுழைக' என்று இன்னொரு வரி. அதைப் படித்துவிட்டுக் கட்டிங் பிரிவு ஆட்கள் சிரித்த சிரிப்பை இங்கே எழுத வேண்டியதில்லை. விஜயராணி மட்டும் சிரிக்கவில்லை. நல்ல தமிழ் என்றால் கொஞ்சம் கடினமாகத்தான் இருக்கும், நாம்தான் ஏறிப் போய் எட்ட வேண்டும் என்பது அவள் எண்ணம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மிஷின்கள் ஓடாத நேரமாகப் பார்த்து அந்தோணிராஜ் வேலையை ஆரம்பித்தார். கூட இருந்து படித்துச் சொல்ல விஜயராணி வந்திருந்தாள். பெரிய கம்ப்யூட்டரில்தான் ஆறு வருஷத்து அளவுச் சார்ட்டுகள், லேபிள் படங்கள், பையர்களோடு நடந்த கடிதப் போக்குவரத்து எல்லாம் இருந்தன. அவர் ஏனோதானோ ஆள் இல்லை. முதல் நாளே அத்தனையையும் அதே கம்ப்யூட்டரின் டி டிரைவில் இன்னொரு பிரதி எடுத்து வைத்திருந்தார். புத்தகத்தில் முப்பத்தோராம் பக்கம் வரைக்கும் எல்லாம் சரியாகவே போயிற்று. அப்போது திரையில் இது வந்தது:

'தற்போதுள்ள பகிர்வுகள் அகற்றப்பட்டு இயல்நிலை வடிவமைப்பு மேற்கொள்ளப்படும். தொடர விழைகிறீர்களா?'

"தங்கச்சி, இது என்ன கேக்குது?"

அவள் ஒரு தரம் படித்தாள். அவளுக்கு இரண்டாம் தரம் படிக்கும் வழக்கம் இல்லை.

"பகிர்வுன்னா, மத்த கம்ப்யூட்டருக்கு ஷேர் போட்டு வச்சிருக்கமுல்லண்ணே, அதை எடுத்துருமாம். அப்புறம் போட்டுக்கலாம்."

"இயல்நிலைன்னா?"

"இயல்பா எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கும்னு அர்த்தம். ஆம்னு குடுங்கண்ணே."

அவர் அமுக்கினார். ஒரு நீலக் கோடு இடமிருந்து வலமாக நகர்ந்தது. அவர்கள் டீ குடித்துவிட்டு வந்தபோது திரை பளிச்சென்று புதிதாக இருந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. டி டிரைவ் என்ற ஒன்றே இல்லை.

மறுநாள் காலையில் சண்முகவேல் தன் அறையில் அந்தோணிராஜை நிற்க வைத்துக் கேட்டார். அவர் சத்தம் போடுகிறவர் இல்லை. அடுத்த மாதம் கப்பலேற வேண்டிய ஆர்டரின் அளவுகள் முழுக்க அதில்தான் இருந்தன.

"இதைய யாருங்க படிச்சுப்போட்டு அமுக்குனது?"

"நாந்தாங்கய்யா."

"போயிரும்னு அதுல எழுதியிருந்துதுங்களா இல்லீங்களா?"

"எழுதியிருந்திருக்கும். எனக்குத்தான் வெளங்கல."

கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் விஜயராணி ஃபைலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்ல வேண்டிய வார்த்தை வாயில் இருந்தது. மறுபடியும் செக்கிங் டேபிளில் போய் நிற்க வேண்டியிருக்கும் என்ற நினைப்பு ஒன்றுதான் அதைப் பிடித்து வைத்தது. வேறு பெரிய காரணம் எதுவும் இருந்ததாகச் சொல்லிக்கொள்ள அவளுக்குப் பிற்பாடும் கிடைக்கவில்லை.

அந்தோணிராஜ் வெளியே வந்தார். பீரோ சாவியை அவள் மேஜைமேல் வைத்தார். "வாரேன் தங்கச்சி" என்றார். அவ்வளவுதான். தங்கியிருந்த வாடகை அறையையும் காலி செய்துவிட்டார் என்று சாயங்காலம் தெரிந்தது. செல்போன் அணைந்தே கிடந்தது. அந்த ஆர்டர் கைவிட்டுப் போயிற்று.

பத்து நாள் கழித்து, ஊத்துக்குளிக்கு முன்னால் தண்டவாளத்தில் ஒரு ஆள் கிடந்ததாகக் கட்டிங் பிரிவில் பேச்சு வந்தது. நாற்பது வயசு இருக்கும், நீலச் சட்டை, யாரென்று தெரியவில்லை என்றார்கள். "நம்ம கம்ப்யூட்டர்காரரு மாதிரியே இருந்துதாமா" என்று யாரோ சொன்னார்கள். யார் போய்ப் பார்த்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. விஜயராணியும் கேட்கவில்லை. கேட்டால், உனக்கு என்ன அவ்வளவு அக்கறை என்று யாராவது திருப்பிக் கேட்பார்களோ என்று பயந்தாள்.

அதற்குப் பிறகு அந்தோணிராஜ் அவளை விட்டு நகரவில்லை. பழைய பஸ் ஸ்டாண்டில் வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்கிறவரின் பிடரி அவருடையதாக இருக்கும். திரும்பினால் வேறு யாரோ. கரண்ட் போய் யு.பி.எஸ். கத்தும்போதெல்லாம் பக்கத்தில் நாற்காலி நகருகிற சத்தம் கேட்கும். கம்பெனியில் வேறு ஆள் போடவில்லை. கம்ப்யூட்டர்களை அவளே பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்த நாற்காலியில் மட்டும் அவள் உட்காரவில்லை. தன் நாற்காலியைத்தான் இழுத்துப் போட்டுக்கொள்வாள். ஈரோட்டில் ஒரு கல்யாணத்துக்கு ரயிலில் போனபோது, ஊத்துக்குளி வருகிறது என்றதும் சேலைத் தலைப்பை முகத்தில் போட்டுத் தூங்குவதுபோல் இருந்தாள். தலைப்புக்குள் அந்த வாக்கியம் முழுசாக ஓடியது. அரிசி களைந்தாலும் ஓடும், பிள்ளைக்குத் தலை வாரினாலும் ஓடும். கடைசிக் கேள்விக்கு மட்டும் அவள் உதடு அசைந்துவிடும். "யாரோட பேசுற?" என்று முனீஸ் இரண்டு மூன்று தடவை கேட்டான். பிறகு கேட்பதை விட்டுவிட்டான்.

ஏறக்குறைய ஒரு வருஷம் போன பின்பு ஒரு நாள், அந்தச் சுருள் கம்பிப் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தாள். அதுவரைக்கும் அதைத் தொடவே கூசியிருந்தாள். முப்பத்தோராம் பக்கத்தைத் தாண்டி முப்பத்து நான்காம் பக்கத்துக்கு வந்தபோது, கட்டம் கட்டி ஒரு வரி இருந்தது: 'முன்னெச்சரிக்கை: மேற்கண்ட படிநிலையில் தரவு இழப்பு நேரிட வாய்ப்புண்டு.'

செய்யச் சொல்லிவிட்டு மூன்று பக்கம் கழித்து எச்சரித்திருந்தார்கள். விஜயராணிக்கு அன்றைக்குத்தான் முதன்முறையாகத் தன்மேல் அல்லாமல் வேறு ஒன்றின்மேல் கோபம் வந்தது. கழித்துப் போட்ட லேபிள் தாள் ஒன்றை எடுத்தாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. இது அழிக்கும் என்பதை முதலிலும், எப்படிச் செய்வது என்பதை அதற்குப் பிறகும் எழுதினாள்.

அந்த ஒரு தாளோடு நின்றிருக்கலாம். ஆனால் பேக்கிங் பிரிவிலும் ஒரு கம்ப்யூட்டர் போட்டு, கார்ட்டன் நம்பர்களை மயிலாள் அதில் ஏற்ற வேண்டும் என்று சண்முகவேல் சொல்லிவிட்டார். மயிலாளுக்கு ஐம்பது வயது, அஞ்சாவது வரை படிப்பு. விஜயராணி தாளை அவள் கையில் கொடுத்தாள். "நான் எதுவும் சொல்ல மாட்டேன்க்கா. இதைப் படிச்சுட்டு நீங்களா செய்யுங்க" என்று சொல்லிவிட்டு, இரண்டு கையையும் மடியில் கோர்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். வாய் திறக்காமல் இருப்பது மகா கஷ்டமாக இருந்தது.

மயிலாள் நிதானமாகப் படித்தாள். பிறகு எதை அமுக்கக் கூடாதோ அதை அமுக்கினாள். பழைய கம்ப்யூட்டர், உள்ளே ஒன்றும் இல்லை, நஷ்டம் இல்லை.

"அக்கா, கவனமாகச் செயல்படவும்னு போட்டிருக்கேனே."

"கவனமாத்தான் கண்ணு அமுக்குனேன்."

விஜயராணி தாளைத் திருப்பி வாங்கிப் பார்த்தாள். 'செயல்படவும்', 'இழப்பு நேரிடும்', 'உறுதி செய்துகொண்ட பின்னர்'. எல்லாம் நூற்றெண்பத்தாறு மார்க் தமிழ். வீட்டுக்குப் போய் ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்தாள். அடிக்கும்போது சொந்த நகையைக் கழற்றிக் கொடுக்கிற மாதிரி இருந்தது. மறுநாள் இன்னொரு தாள், அடுத்த வாரம் இன்னொன்று. ஆறாவது தடவை மயிலாள் கையில் இருந்தது இது:

'இதை அமுக்கினால் இந்தக் கம்ப்யூட்டரில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும். டி டிரைவில் வைத்ததும் அழியும். திரும்ப எடுக்க முடியாது.'

மயிலாள் மவுஸிலிருந்து கையை எடுத்துச் சேலைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அப்ப நா அமுக்க மாட்டேன் கண்ணு. மொதலாளியக் கூப்புடு."

விஜயராணி எழுந்து பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அவள் திரும்பி வரும்வரை மயிலாள் கையை வெளியே எடுக்கவே இல்லை.

இப்படியே ஒரு வருஷத்தில் நாற்பத்தாறு பக்கம் சேர்ந்தது. கம்ப்யூட்டரை எப்படித் திறப்பது, அணைப்பது, பிரதியை எங்கே வைத்தால் பத்திரம், எங்கே வைத்தால் பத்திரம் இல்லை. எந்தப் பக்கத்தை எடுத்தாலும், தவறிப் போனால் என்ன போகும் என்பது முதல் வரியில் இருக்கும். மயிலாள் தடுக்கி விழுந்த சொல் எதுவும் அதில் இல்லை. சண்முகவேல் ஒரு நாள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குதுங்க அம்மிணி" என்று சொல்லி ஐம்பது பிரதி ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னார். அட்டையில் 'அமுக்கும் முன்' என்று போட்டாள். தன் பெயரைப் போடவில்லை. எம்பிராய்டரி யூனிட்டுக்காரர் ஒருவர் கேட்டு வாங்கிப் போனார். அவரிடமிருந்து ஒரு சாயப்பட்டறை ஆபீசுக்குப் போயிற்று. ஜெராக்சுக்கு ஜெராக்ஸ் எடுத்து, எழுத்து மங்கிய ஒரு பிரதி தாராபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் வரைக்கும் போய்விட்டது.

அந்த மங்கிய பிரதியைக் கையில் வைத்துக்கொண்டுதான் 2008 தை மாதம் ஒரு பெண் கம்பெனிக்கு வந்தாள். கிருத்திகா என்று பெயர். கோயமுத்தூரில் கல்லூரி ஆசிரியை, லினக்ஸைத் தமிழாக்கிய அந்தக் குழுவில் ஒருத்தி. பழைய வழிகாட்டியை எடுத்துவிட்டு இதையே போடலாம் என்று குழுவில் முடிவாகியிருப்பதாகச் சொன்னாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணுங்க. இந்த ஒரு எடத்துல மட்டும் முழுப் பக்கத்துலயும் எல்லாம் அழிஞ்சுருங்கற எச்சரிக்கைதான் இருக்குது. ஏனுங்க அவ்வளவு பெருசா?"

விஜயராணி பழைய வாக்கியத்தை மனப்பாடமாக, ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த கிருத்திகாவின் முகம் மாறியது.

"அது நான் எழுதுனதுங்க" என்றாள்.

கல்லூரி இரண்டாம் வருஷத்தில் அவளுக்குத் தமிழாக்க நானூறு வரிகள் கொடுத்திருக்கிறார்கள். வெறும் பட்டியல். எந்த வரி எந்தத் திரையில் வரும், எதற்குப் பிறகு வரும், அமுக்கினால் என்ன ஆகும் என்று யாரும் காட்டவில்லை. அகராதி வைத்து எழுதிக் கொடுத்தாள்; டிஸ்க்கைப் பிரிக்கிற பார்ட்டிஷன் 'பகிர்வு' ஆயிற்று, அழிக்கிற ஃபார்மட் 'வடிவமைப்பு' ஆயிற்று. 'விழைகிறீர்களா' என்ற சொல்லை வகுப்பில் எல்லோர் முன்னாலும் பேராசிரியை பாராட்டினாராம்.

"யாருக்காச்சும் எதாச்சும் ஆயிருச்சுங்களா?"

விஜயராணி முதன்முறையாக ஒருவரிடம் சொன்னாள். தான் சொன்ன அர்த்தம், அவர் அமுக்கியது, கண்ணாடிக் கதவு, ஊத்துக்குளித் தண்டவாளம், எல்லாவற்றையும். கிருத்திகா ஆறுதல் சொல்லவில்லை. "அது அவருதான்னு யாருங்க பார்த்தாங்க?" என்று கேட்டாள்.

"யாரும் பாக்கல."

"நீங்க தேடவே இல்லீங்களா?"

அந்தக் கேள்விக்குப் பிறகு விஜயராணியால் சும்மா இருக்க முடியவில்லை. அன்று சாயங்காலமே சண்முகவேலின் அறைக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அன்னிக்கே சொல்லியிருந்தாலும் யாரையாச்சும் ஒருத்தரை வேலைய உட்டு அனுப்பித்தான் இருப்பனுங்க அம்மிணி. அந்தக் கோவம் அப்புடி" என்றார். பிறகு எழுந்து, பீரோவைத் திறந்து, பழைய வேலை விண்ணப்பங்களின் கட்டைப் பிரித்தார். அந்தோணிராஜின் தாளில் அவசரத்துக்குத் தெரிவிக்க வேண்டிய முகவரி என்ற இடத்தில் மனைவியின் ஊர் இருந்தது: கொமரலிங்கம். இரண்டரை வருஷமாக அந்தத் தாள் அவள் நாற்காலியிலிருந்து பத்தடி தூரத்தில் இருந்திருக்கிறது.

கிருத்திகா தானும் வருவதாகச் சொன்னாள். விஜயராணி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, உடுமலைக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து இன்னொரு பஸ் மாறிப் போனாள். ஜன்னலோரம் வயல் பச்சையாக வந்தது, தென்னந்தோப்பு வந்தது. எதையும் பார்த்த ஞாபகம் அவளுக்கு இல்லை. மாலை போட்ட சின்னப் படமாவது சுவரில் மாட்டியிருக்கும், அதற்கு முன்னால் நின்று சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் நினைத்துப் போனாள்.

வீட்டில் இருந்த பெண், "கொப்பரைக் களத்துல இருக்காருங்க, அந்தக் கோடியில" என்று கை காட்டினாள். இருக்கார் என்ற சொல் விஜயராணிக்கு உடனே உள்ளே இறங்கவில்லை.

உடைத்த தேங்காய்கள் வெயிலில் வெள்ளை வெள்ளையாகப் பரந்து கிடக்க, நடுவில் ஒருவர் அவற்றைக் கோலால் தள்ளிப் புரட்டிக்கொண்டிருந்தார். மெலிந்து, தலை பாதி நரைத்திருந்தது.

"தங்கச்சியா? இந்த வெயில்ல எப்படி வந்த?"

அவள் அந்த இடத்திலேயே நின்று சொன்னாள். நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று ஒரே மூச்சில் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே கொப்பரையைப் புரட்டினார்.

"நீ சொன்னியா? இல்லையே. நாந்தான் படிச்சேன். நீ எந்திரிச்சு டீக்குப் போயிருந்த."

"இல்லண்ணே. நான் பக்கத்துலதான் இருந்தேன். இயல்நிலைன்னா என்னன்னு நீங்க கேட்டீக. அப்படியே இருக்கும்னு நாந்தான் சொன்னேன்."

"இல்ல தங்கச்சி."

"அண்ணே, நாந்தான்."

அவர் கோலைக் கீழே போட்டார். "வேணாம்" என்றார். "ரெண்டு வருசம் ஒரு சுவிச்சைத் தொடாமக் கெடந்தேன். லைட்டுகூட பொண்டாட்டிதான் போடும். நாந்தான் செஞ்சேன், செஞ்சது செஞ்சதுதான்னு எனக்கு நானே சொல்லிச் சொல்லித்தான் எந்திரிச்சு நடமாடுறேன். இப்ப வந்து நீ செஞ்சதுன்னு சொன்னா, அந்த ரெண்டு வருசத்த நான் எங்க கொண்டு போயி வைக்கிறது?"

தூரத்தில் வாய்க்கால் சத்தம் கேட்டது. அவரே, "கையில என்ன?" என்றார். பஸ்ஸில் பிடித்தபடி வந்த 'அமுக்கும் முன்' கையிலேயே இருந்தது. அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். எழுத்துக் கூட்டி, விரலால் தொட்டுத் தொட்டு, இரண்டு பக்கம் படித்தார். மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது.

"மறுதொடக்கம்னு போட்டிருக்கே. இது எதுக்கு? அணைச்சுட்டுத் திரும்பப் போடுன்னு சொல்லிட்டாப் போச்சு."

அவள் பேனாவை எடுத்து அந்த இடத்தில் குறித்துக்கொண்டாள். அவர் மனைவி கொண்டு வந்த காப்பியைக் குடித்தாள். கிளம்பும்போது, "அந்தப் பேச்ச மட்டும் இனி எடுக்காத தங்கச்சி" என்றார். புத்தகத்தைத் திருப்பித் தரவில்லை.

அவர் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்ததால் எல்லாம் ஓய்ந்துவிடவில்லை. யு.பி.எஸ். கத்தும்போது நாற்காலி நகருகிற சத்தம் இன்றைக்கும் கேட்கிறது. ஊத்துக்குளித் தண்டவாளத்தில் கிடந்தவர் யார், அவரை யார் தேடினார்கள் என்ற கேள்வி ஒன்று புதிதாகச் சேர்ந்துகொண்டது. அதை அவள் முனீஸிடம் கேட்டாள், அவனுக்கும் தெரியவில்லை.

2009இல் குழு அந்தப் புத்தகத்தை அச்சடித்தது. இந்த முறை விஜயராணி தன் பெயரைப் போடச் சொன்னாள். கிருத்திகாவின் பெயரும் மயிலாளின் பெயரும் அதற்குக் கீழே வந்தன. கடைசிப் பக்கத்தில் ஒரு செல்போன் நம்பர். எந்த வரி விளங்கவில்லையோ அந்த வரியைச் சொல்லுங்கள் என்று ஒரு குறிப்பு. முதல் மாதம் யாரும் கூப்பிடவில்லை. அப்புறம் போன் வர ஆரம்பித்தது. பெருமாநல்லூரிலிருந்து ஒருவர், பதினேழாம் பக்கம் இரண்டாவது வரியில் தனக்குச் சண்டை இருக்கிறது என்று அரை மணி நேரம் பேசினார். அவர் சொன்னது சரி. அவள் மாற்றி எழுதினாள்.